பளையில் விழுந்த குளிர்

டண்டினொங்
மெல்பேர்ன், 4 மே 2025

அன்பு மருமகள் மயூராவுக்கு,

தென்னந்தோட்டச் சக்கரவர்த்தி வேலாயுதரின் பேரனுக்குப் பேரன், டண்டினொங் அரச சுவடிக்காப்பகத்தின் ஏக அதிபதி அருந்தவன் மாமா எழுதுவது. நான் நல்ல சுகம். முழங்கால் மட்டும் வேலைநிறுத்தம்.

உன் அம்மா என்னிடம் விட்டுப்போன, குடும்பக் கடிதங்கள் நிறைந்த தகரப்பெட்டியிலிருந்து இந்த முறைக்குரிய கடிதம் இத்துடன் வருகிறது. 1868இல் வேலாயுதர் பளைத் தோட்டத்திலிருந்து யாழ்ப்பாணத்தில் இருந்த மனைவிக்கு எழுதியது. அந்த வருடம் அவருடைய தேங்காய் வண்டிகளின் முதல் மாடு யாழ்ப்பாணம் சேர்ந்தபோது, கடைசி மாடு இன்னும் பளையில் புல் தின்றுகொண்டிருந்ததாம். கடிதத்தில் இது இல்லை. எனக்குத் தெரியும்.

சட்டத்தை மறக்காதே. ஒரு தபாலுக்கு ஒரு கடிதம். நீ வாசித்து, கைப்பட நாலு வரி பதில் போட்டால்தான் அடுத்தது புறப்படும்.

பக்கத்து யூனிற் லக்சன் குடும்பம் வெரிபீயில் வீடு வாங்கிக்கொண்டு போயிட்டுது. இனி எனக்குச் சுவரோடுதான் பேச்சு. சுவர் பரவாயில்லை, குறுக்கே பேசாது.

அன்புடன்,
அருந்தவன் மாமா

நார்த்மீட்
சிட்னி, 25 மே 2025

அன்புள்ள மாமா,

பதில் பிந்திப்போச்சு, குறை நினையாதேங்கோ. வேலையும் மகனுடைய நீச்சல் வகுப்புமாக நாள் ஓடுது.

நாற்பது ஆட்கள் வேலை செய்கிறார்கள் என்று வேலாயுதர் பெருமையாக எழுதுகிறார். மாட்டுக்குக்கூடப் பேர் இருக்கிறது. ஆட்களில் ஒருவருக்கும் இல்லை. மழை வந்தால் அந்தச் சனம் எங்கே ஒதுங்கினது?

பழங்கடிதங்களைக் காத்து வைக்க இங்கே ஒரு நூலகத்தைக் கேட்டிருந்தேன், பெட்டியை எடுக்கச் சம்மதித்துவிட்டது. இனி நீங்கள் ஒவ்வொன்றாகத் தபாலுக்கு நடக்க வேண்டாம். வியாழக்கிழமை கூரியர் ஆள் வருவார், மிச்சம் எல்லாத்தையும் கொடுத்துவிடுங்கோ. முழங்காலுக்கும் ஆறுதல்.

அன்புடன்,
மயூரா

டண்டினொங்
22 ஜூன் 2025

அன்பு மருமகளுக்கு,

நூற்றைம்பது வருடச் சாம்ராச்சியத்தைக் கூரியர்காரன் ஒரு கையால் தூக்கிக்கொண்டு போனான். நீ பெட்டி கிடைத்தது என்று போனில் ஒரு பெருவிரல் படம் போட்டாய். பெருவிரலுக்கு என்ன பதில் எழுதுவதென்று மூன்று கிழமை யோசித்தேன்.

இதற்கிடையில் உலகமே அதிரும் கண்டுபிடிப்பு. அலுமாரித் தட்டில் விரித்த கடதாசிக்குக் கீழே வேலாயுதரின் கடிதம் இன்னொன்று. அசலைத் தொட்டால் உதிருகிறது, நான் தும்மினால் சிட்னிக்கே பறந்துவிடும். ஆகவே என் கையால் படி எடுத்தேன். உன் கேள்விக்கு மனுசன் மறுமொழியும் சொல்லியிருக்கிறார். ஒரு ஆளின் பேர் இருக்கிறது.

"பளை, 1871 ஆனி. இங்கே குளிர் தாங்க முடியவில்லை. ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. லக்சனும் போய்விட்டான். ஒரு ஆளுக்குச் சோறு வடிப்பதைப்போலக் கரைச்சல் வேறில்லை. கடிதம் ஏதும் வந்ததோ என்று வாசலுக்குப் போய்ப் போய் வருகிறேன். வேலாயுதன்."

நூலகத்தார் என்ன சொல்லுகினம் என்று எழுது. கைப்பட.

அன்புடன்,
மாமா

நார்த்மீட்
30 ஜூன் 2025

அன்புள்ள மாமா,

கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். ஆனி மாதம் பளையில் வெயிலும் புழுதிக்காற்றும் மண்டையைப் பிளக்கும் என்று நீங்கள்தானே எனக்குச் சொன்னனீங்கள். ஐந்து மணிக்கு அங்கே இருட்டாது, இப்ப டண்டினொங்கில்தான் இருட்டும். 1871இல் லக்சன் என்று ஒருவர் தேங்காய் பறித்ததாகவும் நான் கேள்விப்படவில்லை.

மற்றதெல்லாம் நூலகத்துக்குப் போயிட்டுது. இதை மட்டும் கொடுக்கவில்லை. இது எனக்கு வந்த கடிதம்.

மகனுக்குப் பள்ளி லீவு வருது. 11ஆம் திகதி வெள்ளி பின்னேரம் நாங்கள் வாறம். எனக்கு லீவு மூன்று நாள்தான். ஹீற்றரைப் போட்டு வையுங்கோ.

சோறு மூன்று பேருக்கு வடியுங்கோ.

மயூரா