வட்டத்தில் ஓர் இடம்

அன்பு மகன் கியோஹிசாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். ஆளுநர் கோட்டையில் சோறு தண்ணீருக்குக் குறையில்லாமல் இருக்கிறாய் என்று உப்பு வியாபாரி யசுகே சொன்னார். பிணையாகப் போன பிள்ளைக்கு அதுவே பெரிது என்று அம்மா மனதைத் தேற்றிக்கொண்டாள்.

நம் பள்ளத்தாக்கை ஆளுநர் தன் மருமகனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். மாத முடிவுக்குள் நாம் வெளியேற வேண்டுமாம். அறுவடைக்கு மறுநாள் மினாசே குலத்தார் முப்பது பேரும் கோயிலில் கூடினோம். எதிர்த்து எழுவதென்று முடிவாயிற்று. தொடங்கியவர் யாரென்று ஆளுநருக்குத் தெரியக் கூடாதென்று சத்தியத் தாளில் பெயர்களை வட்டமாக எழுதினோம். அதில் முதல் பெயரும் இல்லை, கடைசிப் பெயரும் இல்லை. தாள் என்னிடம் வந்தபோது கை எழவில்லை. எழுச்சிக்குச் சங்கு ஊதிய மறுநாளே அங்கே உன் தலை போய்விடும் அல்லவா? அப்போதுதான் பார்த்தேன், வட்டத்தில் இரண்டு பெயருக்கு இடம் விட்டிருந்தது. “ஒண்ணு உனக்கு, இன்னொண்ணு உன் மகனுக்கு. அவன் வந்து எழுதட்டும், அப்புறந்தான் சங்கு” என்றார் உன் பெரியப்பா ககேயு. உன்னைப் பிணையாக அனுப்பச் சொன்னவரே அவர்தான். ஆறு வருஷமாக நான் அவருக்கு முகம் கொடுத்துப் பேசியதில்லை. “பனி விழுந்தா கணவாய் மூடிடும், அண்டை நாட்டுப் படை நமக்கு உதவிக்கு வர முடியாது. ஒருத்தனுக்காக முப்பது தலையா பெரியப்பா?” என்று உன் தம்பிமுறை மிட்சுடானே கேட்டான். “அவன் அங்க போய் உக்காந்ததாலதானடா ஆறு வருஷம் நீ இங்க நிம்மதியா கஞ்சி குடிச்ச?” என்றார். மிட்சுடானேதான் முதலில் வாளைக் கழற்றித் தரையில் வைத்தான், காத்திருக்கிறேன் என்பதற்கு அடையாளமாக. பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் வைத்தார்கள். அறுபது வயதில் இப்படியொன்றை நான் பார்த்ததில்லை. என் பெயரை எழுதினேன்.

இருபதாம் தேதி காலை யசுகே மாடுகளோடு கோட்டை வாசலில் நிற்பார். சுமைக்காரனாக அவர் பின்னால் வந்துவிடு. வாள் அங்கேயே கிடக்கட்டும். “வாள் இல்லாட்டியும் இடது கையை இடுப்புல வச்சுக்கிட்டுத்தான் நடப்பான், அந்த நடையே காட்டிக் குடுத்துடும். அந்தக் கையில ஒரு மூட்டையத் திணிக்கச் சொல்லுங்க” என்கிறாள் அம்மா. படித்ததும் இதை எரித்துவிடு.

இன்று காலை மலையுச்சி பனியில் வெளுத்திருந்தது. எல்லோரும் பார்த்தோம். ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

குலதெய்வம் உன் வழிக்குத் துணை இருக்கட்டும். இடது கை, மறந்துவிடாதே.

வட்டத்தில் உன் பக்கத்து இடத்துக்காரன்,
அப்பா நோரிஷிகே