பெரியம்மாவுக்கு வந்ததும் இதுதான்

கோச்சடை, மதுரை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் பீமாராவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. எல்லாரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன், முழுசாக அப்படி எழுதக் கை வரவில்லை, முக்கால்வாசி சுகம் என்று வைத்துக்கொள். நீ முழுச் சுகமாக இருக்கிறாயா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். போனில் கேட்டால் ‘சரிப்பா, சரிப்பா’ என்று நாலு தடவை சொல்லிவிட்டு வைத்துவிடுவாய், அம்மாவும் பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதனால்தான் கடிதம். உன் தங்கச்சி பவதாரிணி ஜெர்மனிக்கு அனுப்புகிற பருப்புப்பொடிப் பார்சலுக்குள் இதை வைக்கச் சொல்லியிருக்கிறேன், பொடியை எடுத்துக்கொண்டு இதைத் தூக்கிப் போட்டுவிடாதே.

அம்மாவுக்குத் தலையில் ஆபரேஷன் நடந்தது உனக்குத் தெரியும், நடந்ததை நான்தான் முழுசாகச் சொல்லவில்லை. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் ‘ஏங்க, தலையில யாரோ உலக்கையால போட்ட மாதிரி இருக்குங்க’ என்று ஒரே கத்து, பிடரியைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்துவிட்டாள், வாந்தி வேறு. ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் ஒரு இடத்தில் புடைத்து வெடித்துவிட்டது என்று டாக்டர் சூரியபிரகாஷ் படத்தைக் காட்டிச் சொன்னார். டிப்போவில் முப்பத்தோரு வருஷம் டயர் பார்த்தவனுக்கு டியூப் புடைத்தால் என்ன ஆகும் என்று தெரியாதா, ஒட்டுப் போட வழி உண்டா என்று கேட்டேன். தொடை வழியாக மெல்லிசு ஒயரை விட்டுப் புடைப்புக்குள் கம்பிச்சுருளை அடைக்கிற வைத்தியம் ஒன்று உண்டாம், அம்மாவின் புடைப்புக்கு வாய் அகலமாம், சுருள் நிற்காது, மண்டையைத் திறந்து கிளிப் மாட்டுவதுதான் நல்லது என்றார். நல்ல பிள்ளை, ஒளிவுமறைவு இல்லாமல் பேசினார். ‘வெடிச்சு வர்றவங்கள்ல பத்துக்கு மூணு பேரு தங்குறதில்லங்கய்யா, மூணு பேரு அடுத்தவங்க கைய எதிர்பார்த்துத்தான் இருக்கணும், மத்தவங்க ஓரளவுக்குப் பழையபடி நடமாடுவாங்க’ என்றார். அப்போது ஒரு நர்ஸ் வந்து வரிசையாகக் கேள்வி கேட்டு பாரத்தில் எழுதினாள். குடும்பத்தில் வேறு யாருக்காவது இந்த மாதிரி வந்திருக்கிறதா, திடீரென்று தலைவலி வந்து யாராவது இறந்திருக்கிறார்களா என்று கேட்டாள். யாருக்கும் இல்லைம்மா என்றேன். ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

ஆபரேஷன் அஞ்சு மணி நேரம் நடந்தது. கிளிப் போட்ட பிறகும் ரெண்டு வாரம் கண்டம்தான் என்றார்கள், ரத்தக்குழாய் சுருங்கிவிடக் கூடாது என்று நாலு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை. ஒன்பதாம் நாள் வலது கை தொய்ந்து போனது, பிறகு மெதுவாகத் திரும்பியது, இப்போது டம்ளரைப் பிடிக்கிறாள், சட்டைப் பொத்தான்தான் முடியவில்லை. வீட்டுக்கு வந்து ரெண்டு மாசம் ஆகப்போகிறது. நெற்றி ஓரத்திலிருந்து காது வரைக்கும் தையல் தடம், முடி இப்போதுதான் முளைக்கிறது. மூக்கில் வாசனையே ஏறவில்லை. போன வாரம் நான்தான் செய்வேன் என்று அடம்பிடித்துக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள், அடிப்பிடித்து நெடி தெருமுக்கு வரைக்கும் போகிறது, அடுப்புக்கு முன்னால் நிற்கிறவளுக்குத் தெரியவில்லை. நான் ஓடிவந்து அடுப்பை அணைத்தேன், அவள் கரண்டியை வீசிவிட்டு அழுதாள். முன்பெல்லாம் அழுகிற பொம்பளையா அவள். டாக்டர் கணக்குக்கு இது நல்ல முடிவு, ரிவ்யூவில் எனக்குக் கைகொடுத்தார், எனக்கும் சந்தோஷம்தான். முக்கால்வாசி என்றேனே, அது இதைத்தான்.

இனிமேல் சொல்லப்போவதுதான் முக்கியம், உட்கார்ந்து படி. அன்றைக்குக் கரண்டியை வீசிய பிறகு அவளைக் கட்டிலில் படுக்க வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டே ‘அக்காளும் இப்பிடித்தாங்க கத்துச்சு, பிடரியப் பிடிச்சுக்கிட்டு, வெளிச்சத்தப் பார்த்தா கண்ணு கூசுதுன்னுச்சு’ என்றாள். எனக்குச் சுரீர் என்றது. உன் ராமக்காள் பெரியம்மாவை உனக்கு ஞாபகம் இருக்காது, அப்போது உனக்கு ரெண்டு வயசு. அலங்காநல்லூர்ப் பக்கம் கரும்புக்குத் தோகை உரிக்கப் போனவள் நடு மத்தியானத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். முனி போகிற பாதையில் நின்றுவிட்டாள், முனி அடித்துவிட்டது என்று ஊரே சொன்னது. கோடாங்கியைக் கூப்பிட்டோம், சேவல் அறுத்தோம், அந்தச் சேவலைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான். மறுநாள் சாயங்காலம் அவள் போய்விட்டாள். அம்புட்டு வருஷமாக அதை முனியடி என்றே பேசிப் பேசி, நர்ஸ் கேட்டபோது ராமக்காள் என் நினைப்புக்கே வரவில்லை. உனக்குப் பீமாராவ் என்று தேடித் தேடிப் பெயர் வைத்தவன், முனியாவது கினியாவது என்று டிப்போ முழுக்க வாதாடியவன், என் புத்திக்குள்ளும் அந்த முனி உட்கார்ந்திருந்திருக்கிறது பார். வெட்கமாக இருக்கிறது.

மறுநாளே போய் டாக்டரிடம் சொன்னேன். அந்தக் காலத்தில் கொண்டுவந்திருந்தாலும் பிழைத்திருப்பாரா என்று சொல்ல முடியாது, ஆனால் கூடப்பிறந்த ரெண்டு பேருக்கு என்றால் ரத்தவழியாக இருக்கலாம் என்றார். ‘பிள்ளைகளுக்கு ஒருக்கா ஸ்கேன் எடுத்துருங்கய்யா, வெடிக்கிறதுக்கு முன்னாடி கண்டுபிடிச்சா நிதானமா யோசிச்சு வைத்தியம் பார்க்கலாம்’ என்றார். பவதாரிணிக்குப் போன வியாழக்கிழமை எடுத்தோம், ஒன்றும் இல்லை. இனி நீ ஒருத்தன்தான் பாக்கி. பொங்கலுக்குப் பேசியபோது பின்மண்டை வலிக்கிறது, ஆபீஸ் நாற்காலி சரியில்லை என்றாய். நாற்காலியாகவே இருக்கட்டும், எனக்கு அது நிச்சயமாகத் தெரிய வேண்டும். உனக்குப் பிரஷர் இருக்கிறது. நீ சிகரெட் பிடிப்பதும் எனக்குத் தெரியும், போன தடவை வந்தபோது மொட்டைமாடித் தொட்டிக்குப் பின்னால் துண்டுகளை நான்தான் பொறுக்கிப் போட்டேன். அந்தச் சனியனை முதலில் விடு. அந்த ஊரில் டாக்டரைப் பார்க்க வாரக்கணக்கில் காத்திருக்கணும் என்பாய். காத்திரு, ஆனால் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திரு. எங்களைப் பார்க்க அவசரமாக வர வேண்டாம், அம்மாவை நான் பார்த்துக்கொள்வேன், நீ அங்கே பத்திரமாக இருந்தால் போதும் எனக்கு.

நேரத்துக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. ஒரு நோக்காடும் உன்னை அண்டாமல் நீ நூறு வயசு வாழணும், அம்மா வாய்க்கு இப்போது வார்த்தை சட்டென்று வராது, அவளுக்கும் சேர்த்து நானே சொல்கிறேன். ஒன்றே ஒன்றை மறந்துவிடாதே தம்பி. அங்கேயும் ஒரு பாரம் கொடுப்பார்கள், குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டிருப்பார்கள். உண்டு என்று எழுது. அம்மா சோணையம்மாள், பெரியம்மா ராமக்காள், ரெண்டு பேர் பெயரையும் எழுது.

உன் அப்பா,
மலைச்சாமி