கொக்கு மார்க் பிஸ்டல்

1993 ஜூன் 21, திங்கள்

காலையிலிருந்து சாரல். மலை தெரியவில்லை. நேற்று துவைத்த இரண்டு சேலையிலும் ஈரவாடை.

வாங்க வேண்டியது: சீரகம், தீப்பெட்டி, ரேடியோவுக்கு பேட்டரி. ஒரு ஆளுக்கு என்ன பெரிய பலசரக்கு. கால் கிலோ பருப்பு கேட்டால் கடைக்காரர் என் முகத்தைப் பார்க்கிறார்.

பத்து மணி வாக்கில் ஸ்டேஷனிலிருந்து கான்ஸ்டபிள். என் வீட்டுக்காரர் போனதோடு அவர் லைசென்ஸும் போயிற்றாம், பிஸ்டலை வீட்டில் வைத்திருப்பது தப்பாம். ஒன்று ஸ்டேஷனில் கொடுக்க வேண்டும், இல்லை லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையில் ஒப்படைக்க வேண்டும்.

"கார்த்திகையில தவறுனாரு, இப்ப ஆனி. இம்புட்டு நாள் விட்டதே பெரிசு ஆச்சி."

ஆச்சியாம். எனக்கு ஐம்பத்திரண்டுதான் ஆகிறது. எரிச்சலாக இருந்தது. ஆனாலும் காபி போட்டுக் கொடுத்தேன், செத்த நேரம் உட்காரட்டும் என்று. இந்த மாதம் இந்த வீட்டில் காபி குடித்த முதல் வெளியாள்.

மத்தியானம் பீரோவின் அடித்தட்டைத் திறந்தேன். வெள்ளைத் துண்டில் சுற்றி அவர் வைத்தது வைத்தபடி. பிடியில் ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கு. வெளிநாட்டுக் கம்பெனி, பேர் யார் வாயிலும் நுழையாது. ஊருக்கே அது கொக்கு மார்க். அவர் மில்லில் கேஷியர். பேங்கிலிருந்து சம்பளப் பணம் கொண்டுவர வேண்டும் என்று முதலாளி லைசென்ஸ் வாங்கிக் கொடுத்து, தன் பழைய கொக்கையும் கொடுத்தார். அப்போது ராஜபாளையத்தில் இரண்டோ மூன்றோதான் இருந்தன. பிறகு ஜின்னிங் ஃபேக்டரிக்காரர், லாரி செட்டுக்காரர் என்று வசதியுள்ளவரெல்லாம் கொக்குக்கு அலைந்தார்கள். கல்யாண வீட்டில் சட்டைக்கடியில் இடுப்பு புடைத்திருந்தால் "கொக்கா?" என்று கேட்பார்கள். கொக்கு என்றால் மரியாதை.

அதெல்லாம் கூமாப்பட்டிக்கு முன்னால்.

ஜூன் 22, செவ்வாய்

சாரல் நின்றது, காற்று நிற்கவில்லை. முருங்கைக் கிளை முறிந்து விழுந்தது. பக்கத்து வீட்டு ராஜம்மாவுக்குப் பாதிக் கீரை. "தின்னாவா?" என்று அவள் வீட்டுத் தெலுங்கில் கேட்டாள். தின்றேன் என்றேன். பொய்.

பிஸ்டலைக் கொடுக்கப்போவது அதற்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. சேத்தூரிலிருந்து ஒருத்தர் புல்லட்டில் வந்தார். தோட்டம் துரவு உள்ளவர், லைசென்ஸ் கையில் இருக்கிறது, கொக்குக்காகக் காத்திருக்கிறார்.

"உலகத்துலேயே இதுக்கு ஈடு கிடையாதும்மா. தண்ணிக்குள்ள போட்டு எடுத்தாலும் வெடிக்கும். ஊர்ல ஆயிரம் சொல்லுவான். ஆயுதத்து மேல குத்தமே கிடையாது."

ஆயுதத்தின் மேல் குற்றம் இல்லை என்றால் பிறகு யார் மேல்? அவர் யோசித்துப் பேசவில்லை, நல்ல மனுஷன்தான். எனக்குத்தான் சுருக்கென்றது. பிஸ்டலைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை என்று அனுப்பிவிட்டேன்.

சாயந்திரம் மில்லின் பழைய ஸ்பின்னிங் மாஸ்டர். துக்கத்துக்கு வராதவர் இதற்கு வந்தார். "அந்தச் சனியனைக் கிணத்துல போடுங்க. கொக்கு மார்க் சுத்த மோசம்" என்றார். அவருக்கு இரண்டாவது தம்ளர் காபி கொடுத்தேன்.

இந்த ஊரில் இரண்டு கட்சி. கொக்கு மோசம் என்பது ஒன்று. கொக்கு தங்கம், கேஷியர் கைதான் நடுங்கியது என்பது இன்னொன்று. அந்தக் கம்பெனியை எவன் புகழ்ந்தாலும் என் புருஷனைக் கோழை என்று சொன்ன மாதிரிதான் என் காதில் விழுகிறது. நாலு வருஷமாக இப்படித்தான்.

நடந்தது இவ்வளவுதான். கூமாப்பட்டியில் எங்களுக்குக் கொஞ்சம் மாந்தோப்பு. காய்ப்பைக் குத்தகைக்கு எடுப்பது ஸ்ரீவில்லிபுத்தூர் காதர், பழ வியாபாரி. வியாபாரம் பிறகு, முதலில் இவருக்குச் சிநேகிதன், தம்பி மாதிரி. ஒரு வைகாசியில் இரண்டு பேரும் தோப்பில் இருக்கும்போது பழம் தின்ன வந்த கரடி காதர் மேல் பாய்ந்தது. இவர் வானத்தைப் பார்த்துச் சுட பிஸ்டலை எடுத்தார். சத்தம் கேட்டால் ஓடியிருக்கும். சத்தம் வரவில்லை. காவல்காரர்கள் தகரம் தட்டிக்கொண்டு ஓடிவருவதற்குள் காதருடைய இடது கண் போய்விட்டது.

ஜூன் 23, புதன்

தூக்கம் சரியில்லை. தயிர் புளித்துப்போச்சு.

அவர் அதற்குப் பிறகு தோப்புக்குப் போகவில்லை. காதர் முகத்தில் முழிக்க வெட்கப்பட்டு, அவன் வந்தால் கொல்லைப்புறம் போய்விடுவார். இரண்டு தடவை வந்து பார்த்து அவனும் நின்றுவிட்டான். துவைக்கிற கல் பக்கத்தில் நின்று ஆட்காட்டி விரலை மடக்கி மடக்கிப் பார்ப்பார் இவர். ஒரு நாள் கேட்டேன்.

"அமுக்குனேன்னுதான் நெனைக்கேன். ஆனா சத்தியம் பண்ணச் சொன்னா பண்ண மாட்டேன்."

அந்தச் சந்தேகத்தோடேயே போய்ச் சேர்ந்தார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. சாவு வந்தால் வரட்டும், அந்த விரலை நம்பிக்கொண்டாவது போயிருக்கலாம்.

நாளை ஸ்ரீவி. துப்பாக்கிக் கடைக்குப் போவது என்று முடிவு. ஒப்படைக்க மட்டும் இல்லை. பிரித்துப் பார்த்துச் சொல்லச் சொல்ல வேண்டும். கையா, கொக்கா? பயமாகத்தான் இருக்கிறது. கை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன்?

ஜூன் 24, வியாழன்

போய் வந்துவிட்டேன். எழுத்து கோணலாக வருகிறது.

பஸ்ஸில் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு போனேன். மேலே முருங்கைக்கீரை, அடியில் கொக்கு. பக்கத்து சீட் அம்மாள் கீரை என்ன விலை என்று கேட்டாள்.

கடைக்காரர் ஞானமுத்து. பெரிய மீசை, அதைவிடப் பெரிய வாய். கொக்கு மார்க் என்றதும் முகம் மலர்ந்தது. எத்தனை பேருக்கு வாங்கிக் கொடுத்தேன் தெரியுமா, கூமாப்பட்டிப் புரளிக்குப் பிறகு இந்தப் பக்கம் ஒருத்தனும் கேட்பதில்லை, என் பிழைப்பில் மண் விழுந்தது என்று ஒரு பாட்டம் புலம்பினார். அந்தக் கூமாப்பட்டி பிஸ்டல் இதுதான் என்றேன். மனுஷன் எழுந்து நின்றுவிட்டார்.

பிரித்தார். முதல் வார்த்தை: "உள்ள ரவை கிடக்கேம்மா. இதோடயா பஸ்ஸுல வந்தீக?"

எனக்கு என்ன தெரியும். கரடி வந்த அன்றைக்குப் போட்ட குண்டு. அவர் அதன்பின் அதைத் தொடவே இல்லை.

"கையா கொக்கான்னு சொல்லுங்க" என்றேன். ஞானமுத்து பிஸ்டலின் பின்பக்கத்தைக் காட்டினார். விசையை அமுக்கினால் பின்னாலிருந்து வந்து அடிக்கிற சின்ன இரும்பு, குதிரை என்கிறார்கள், அது விழுந்த நிலையில் இருக்கிறதாம்.

"அமுக்காம இது விழாதும்மா. ஒங்க வீட்டுக்காரர் நல்லா அழுத்தமாவே அமுக்கியிருக்காரு."

கேட்டுக்கொண்டு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவர் அமுக்கினார். அவர் அமுக்கினார். சாகிற வரை விரலை மடக்கிப் பார்த்த மனுஷனுக்கு இதைச் சொல்ல வழியில்லையே என்று அழுகை வந்தது, கடை என்றும் பார்க்காமல் அழுதேன்.

அதற்குள் ஞானமுத்து குதிரைக்கு முன்னால் இருக்கிற, குண்டைக் குத்தி வெடிக்க வைக்கிற ஊசியை நெம்பி நெம்பிப் பார்த்தார். வரவில்லை. எண்ணெய் விட்டுத் தட்டினார். ஊசியோடு மஞ்சளாகப் பொடி உதிர்ந்தது. சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடந்தது.

"எந்தக் கிறுக்கன்ம்மா இதுக்குள்ள சந்தனத்தை ஊத்துனது? ஊசி எப்படி நகரும்? கம்பெனி மேல தப்பே இல்ல. நாளைக்கே ஊரெல்லாம் சொல்லிப்போடுதேன்."

ஒரு துணுக்கை எடுத்து முகர்ந்தேன். லேசாகப் பன்னீர் வாசம். இத்தனை வருஷத்துக்குப் பிறகும். பிரித்த கொக்கைக் கடையிலேயே விட்டுவிட்டு, கையெழுத்துப் போடாமலே கிளம்பினேன்.

பஸ்ஸில் கீரையை விட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.

ஜூன் 25, வெள்ளி

கோலம் போடவில்லை. பால்காரர் கேட்டார், உடம்புக்கு என்ன என்று.

அது காதர் வைத்த சந்தனம். தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். கரடிக்கு முந்தின ஆயுத பூஜை. வீட்டில் அரிவாள்மனை, சைக்கிள், இவருடைய கணக்கு மெஷின், பிஸ்டல் எல்லாம் துடைத்து வைத்திருந்தது. காதர் தர்காவில் கந்தூரித் திருவிழாச் சந்தனம் வாங்கி, பன்னீர் விட்டுக் குழைத்துக் கொண்டுவந்திருந்தான். எங்கள் வீட்டுச் சந்தனத்தை இவர் தள்ளி வைத்துவிட்டு, "நீயே வையி காதரு, ஒங்கை ராசியான கை" என்றார். அவனுக்கு ஒரே சந்தோஷம். பொட்டு வைத்தால் போதாது, நிறைய வைத்தால்தான் காவல் என்று குழைத்ததை முழுக்க வழித்து, இண்டு இடுக்கெல்லாம் அப்பினான். மறுநாள் மேலாகத் துடைத்துப் பீரோவில் வைத்தோம். உள்ளே வடிந்தது யாருக்குத் தெரியும்? ஆயுத பூஜையில் சந்தனம் வைக்காத ஆயுதம் உண்டா?

அன்புதான். வேறென்ன. அந்த அன்பு அவன் கண்ணையே எடுத்துவிட்டது. ஞானமுத்து வாய் திறந்தால் மறுநாளே பழ மார்க்கெட்டில் காதர் காதுக்குப் போகும். பிஸ்டலில் சந்தனம் என்றதும் அவனுக்குப் புரிந்துவிடும். ஒருத்தர் விரலைச் சந்தேகித்தே போய்ச் சேர்ந்தார். இன்னொருத்தன் தன் கையை வெறுத்துக்கொண்டு உட்கார வேண்டுமா?

ஜூன் 26, சனி

மறுபடி ஸ்ரீவி. நல்லவேளை, மழை என்று நேற்று ஞானமுத்து கடை திறக்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

"சந்தனப் பேச்சை எடுக்க மாட்டேன்னு சொல்லுங்க, பிஸ்டலை ஒங்க கடைக்கே எழுதித் தாரேன். இல்லாட்டி இப்பவே எடுத்துட்டுப் போயி ஸ்டேஷன்ல கொடுத்துருவேன்" என்றேன்.

மனுஷனுக்கு ஆசை. ஆனால் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப கம்பெனி பேரு? இம்புட்டுப் பேர்போன கம்பெனி. காலத்துக்கும் இந்த ஊர்ல கெட்ட பேராம்மா?"

"கம்பெனிக்குக் கண்ணு இருக்கா, பிள்ளைகுட்டி இருக்கா? அது தாங்கும்."

மீசையைத் தடவினார். பிறகு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரித் தலையை ஆட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

திரும்பும்போது பழ மார்க்கெட் வழி. வேண்டுமென்றேதான் போனேன். காதர் கூடைகளுக்கு நடுவில் நின்றான். தாடி நரைத்துவிட்டது. நான் போனது அவன் இடது பக்கம், தெரியவில்லை. கடந்து போய்விடலாம் என்றும் ஒரு நிமிஷம் தோன்றியது. சுற்றி வலது பக்கம் வந்து கூப்பிட்டேன். மதினி என்று கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தான்.

"பிஸ்டலைப் பிரிச்சுப் பார்த்தாச்சு தம்பி. வீட்டுக்கு வாங்க, சொல்லுதேன்."

"வெள்ளிக்கிழமை தொழுகை முடிச்சு வாரேன்."

ஜூன் 29, செவ்வாய்

யாரும் வரவில்லை. கொக்கு போன பிறகு இந்த வீட்டில் யாருக்கு என்ன வேலை? கான்ஸ்டபிள்கூட இனி வர மாட்டான். ரேடியோவில் செய்தி முடிந்து வணக்கம் சொன்னதற்கு நானும் வணக்கம் சொன்னேன். நல்லவேளை, ராஜம்மா பார்க்கவில்லை.

ஜூலை 2, வெள்ளி

சாரல், நடுவில் வெயில். இரண்டு ஆளுக்கு உலை வைத்தேன். அளவு மறந்துபோய் அரிசி கூடிவிட்டது.

மூன்று மணிக்கு காதர். கையில் சப்பட்டை மாம்பழம் ஒரு பை, எங்கள் தோப்புக் காய்ப்பு. அவர் போட்டோவுக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றான். சாப்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்டு இரண்டு தடவை சோறு வாங்கினான். பிறகு அவனே கேட்டான், கடைக்காரர் என்ன சொன்னார் என்று.

"கொக்கு மார்க்கே சரியில்லையாம் தம்பி. உள்ள ஒரு ஊசி மோசமாம். அவிய நல்லாத்தான் அமுக்கியிருக்காவ."

"எனக்குத் தெரியும் மதினி. அண்ணன் கை நடுங்கல. கீழ கெடந்து பார்த்துக்கிட்டுத்தான இருந்தேன். வீடு தேடி வந்தும் சொல்ல விடாமப் போயிட்டாரே."

இருக்கிற ஒரு கண்ணைத் துடைத்துக்கொண்டான். அப்புறம் மெதுவாக, யாருக்கோ சொல்கிற மாதிரி:

"நான் வச்ச சந்தனமாச்சும் காப்பாத்தியிருக்கலாம். நம்ம கையில ராசி இல்லியோன்னு இம்புட்டு வருசமும் நெனச்சுக்கிட்டேன். கம்பெனியே மோசம்னா சந்தனம் என்ன செய்யும்?"

மோர் எடுக்கிற சாக்கில் அடுப்படிக்குப் போனேன். அங்கிருந்தே சொன்னேன், "உயிரோட வந்து சோறு திங்கீங்களே, அது எது காப்பாத்துனதாம்?"

சிரித்தான். கிளம்பும்போது மடியிலிருந்து ஒரு சின்ன டப்பா. இந்த வருஷத்துக் கந்தூரிச் சந்தனம். "அண்ணன் போட்டோவுக்கு வைங்க மதினி." அடுத்த வெள்ளிக்கிழமை வருவானா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. தெரு முனை வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜூலை 3, சனி

சேத்தூர்க்காரரைக் கடைத்தெருவில் பார்த்தேன். கொக்கை ஞானமுத்து கடையில் கேட்கலாமா, அம்மா சொன்னால் சரி என்றார். எங்களுக்கு மோசம் செய்த பிஸ்டல், அதற்கு மேல் ஒன்றும் சொல்வதற்கில்லை என்றேன். "வெளிநாட்டுல எல்லாம் கொண்டாடுதானே" என்றார். கொண்டாடட்டும்.

ஜூலை 4, ஞாயிறு

மழை இல்லை. சேலை காய்ந்துவிட்டது. நேற்றுச் சோறு மிச்சம், தண்ணீர் ஊற்றி வைத்தது.

குளித்துவிட்டு வந்து அவர் போட்டோவைத் துடைத்தேன். டப்பாவைத் திறந்ததும் அறை முழுக்கப் பன்னீர் வாசம். விரலில் எடுத்தேன். நிறைய வந்துவிட்டது. பாதியைத் திரும்ப டப்பாவிலேயே வழித்துவிட்டு, கொஞ்சமாக வைத்தேன்.