முதல் சுருள் கடைசியில் ஓடிய படம்

கும்மிடிப்பூண்டி
18-2-1974, திங்கட்கிழமை

அன்பு மகன் ராஜவேலுவுக்கு, அம்மா செல்லியம்மாள் சொல்லச் சொல்ல உன் தங்கை கனகாம்பாள் எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் கனகாவும் புதிதாகக் கன்று போட்ட பசுவும் இங்கே சுகம். அங்கே உன் சுகத்துக்கு நீ எழுதுகிற நாலு வரிதான் எங்களுக்குச் சாட்சி, ஆகையால் மாதம் ஒன்று தவறாமல் எழுது. பொங்கலுக்கு லீவு கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தாய், உனக்கென்று எடுத்த வேட்டி மடிப்புக் கலையாமல் பெட்டியில் இருக்கிறது. அதே கடிதத்தில், ஆலை வாசலில் பெயரைக் கேட்பதில்லை, டோக்கன் நம்பர் 4417 என்றால்தான் உள்ளே விடுகிறார்கள், அறையில் கூட இருப்பவர்களும் விளையாட்டாக அப்படியே கூப்பிடுகிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். கனகா படித்துவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வடக்கே பிலாயில் பனி அதிகம் என்கிறார்கள், காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கத் தவறாதே.

இப்போது முக்கியமான சங்கதி. ஏரிக்குக் கீழே உள்ள நம் இரண்டு காணியை ஆலைகள் கட்டப்போகிற எஸ்டேட்டுக்குக் கேட்டு ஐப்பசியில் ஒரு காகிதம் வந்தது உனக்குத் தெரியும். உன் நைனா போன பிறகு பட்டா நம் இருவர் பெயரிலும் இருப்பதால் என் கைரேகையும் உன் கையெழுத்தும் வேண்டுமாம். நாலு மாதமாக அதை அரிசிப் பானைக்குள் போட்டு மூடி வைத்திருந்தேன். நிலம் கொடுக்கிற வீட்டில் படித்த பையன் ஒருவனுக்கு இங்கேயே வேலை போட்டுக் கொடுப்பார்கள் என்று கிராமக் கணக்குக் கர்ணம் சொல்லிக்கொண்டே இருந்தார். அப்போதும் எனக்கு மனம் வரவில்லை. கொடுத்துவிட்டால் அது திரும்பி வருமா என்ற ஒரே பயம்தான். அந்தப் பயம் சனிக்கிழமை போயிற்று, எப்படிப் போயிற்று என்று சொன்னால் நீ சிரிப்பாய்.

கொட்டகையில் அம்மன் படம் என்று மாட்டு வண்டியில் மைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகக் கூவினார்கள். பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள் தேங்காய், கற்பூரம், வேப்பிலை எல்லாம் எடுத்துக்கொண்டு எங்களையும் கூட்டிக்கொண்டு போனாள். உள்ளே போய் மணலில் உட்கார்ந்த பிறகு பார்த்தால் திரையில் வெள்ளைக்காரர்கள். ரயிலில் பெட்டி மாறி வந்துவிட்டதாம், பட்டணத்துக்குப் போக வேண்டிய இங்கிலீஷ் படம் இங்கே வந்து இறங்கியிருக்கிறது. ஆண்கள் பாதிப் பேர் எழுந்து போனார்கள். கெங்கம்மாள் அசையவில்லை. கனகாவின் தொடையில் ஒரு தட்டுத் தட்டி, இன்னாடி, பத்தாங்கிளாஸ் படிக்கிறியே, இந்த வெள்ளைக்காரி இன்னா சொல்றான்னு சொல்லேன், சும்மா குந்திக்கினு இருந்தா எப்பிடி என்றாள். கனகா கதை சொல்லிக்கொண்டே வந்தாள், எங்களைச் சுற்றிப் பத்துப் பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். இனிமேல் வரப்போகிற காலத்தில் நடக்கிற கதையாம். ஒரு பெரிய மதில், உள்ளே ஊர், வானம் முழுக்கப் புகை. சங்கு ஊதினால்தான் ஆளுக்கு ஒரு குவளை தண்ணீர். எல்லோர் நெஞ்சிலும் ஒரு நம்பர். ஹில்டா என்று ஒருத்தி, அவளுக்குத் தன் பெயரே மறந்து போயிருக்கிறது, கேட்டால் நம்பரைச் சொல்கிறாள். அப்புறம் அவள் கையில் ஒரு பிடி விதை கிடைக்கிறது, அதைத் தீப்பெட்டிக்குள் ஒளித்து வைக்கிறாள். கொஞ்சம் கொஞ்சமாக மதில் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் மதிலே இல்லை. ஆறும் வயலுமாக ஒரு ஊர், மழை கொட்டுகிறது, வரப்பில் நின்று யாரோ ஹில்டா, ஹில்டா என்று கூப்பிட அவள் ஓடி வருகிறாள். கெங்கம்மாள் எழுந்து நின்று கற்பூரத்தை அங்கேயே ஏற்றிவிட்டாள். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவ்வளவு புகைக்குப் பிறகும் வயல் திரும்பி வந்ததே, பெயர் திரும்பி வந்ததே, நாம் எதற்குப் பயப்பட வேண்டும் என்று தோன்றியது. நிலம் இருந்துகொண்டு நீ அங்கே இருப்பதைவிட, நிலம் போய் நீ இங்கே வந்து என் கையால் ஒரு வாய் சாப்பிட்டால் போதும். நேற்றுக் காலை கர்ணம் வீட்டுக்குப் போய் ரேகை வைத்துவிட்டேன். உன் கையெழுத்து இல்லாமல் காகிதம் நகராது, பங்குனி பிறப்பதற்குள் திரும்பி வர வேண்டும் என்று கொடுத்து அனுப்பினார். இத்துடன் வைத்திருக்கிறேன். பென்சிலால் கோடு போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு உடனே தபாலில் அனுப்பு. காய்ந்த சென்னாங்குன்னி இறால் ஒரு டப்பா கட்டி வைத்திருக்கிறேன், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

அண்ணா, இதற்குமேல் எழுதுவது கனகா. அம்மா பசுவுக்குத் தண்ணீர் காட்டப் போயிருக்கிறாள். ஒவ்வொரு கடிதத்தையும் எழுதி முடித்ததும் முதலிலிருந்து கடைசிவரை அம்மாவுக்குப் படித்துக் காட்டுவது நம் வீட்டு வழக்கம் என்று உனக்குத் தெரியும். இந்தப் பத்தியைப் படிக்காமல் தாண்டிவிட என்னால் முடியும், அவளுக்குத் தெரியாது. ஆனால் தாண்டப் போவதில்லை. சனிக்கிழமை முதல் சுருள் முடிந்தபோதே திரையில் முடிவு என்று இங்கிலீஷில் எழுத்து வந்தது. கொட்டகையிலேயே அதைப் படித்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அந்நிய நாட்டுப் படங்களில் அப்படித்தான் போடுவார்கள் போலிருக்கிறது என்று எண்ணி வாயைத் திறக்கவில்லை. கேட்டால் இதுகூடத் தெரியாதா என்பார்களோ என்று வெட்கமாகவும் இருந்தது. படத்தின் பெயரோ கடைசியில் வந்தது. அது மனதில் அரித்துக்கொண்டே இருந்ததால் நேற்று முதல் ஆட்டத்துக்குச் என்கூடப் படிக்கும் சாராளோடும் அவள் அம்மாவோடும் மறுபடியும் போனேன். கூட்டமே இல்லை. மெஷின் ஓட்டுகிற வரதன் வெளியே பீடி குடித்துக்கொண்டிருந்தார், அவரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, பொட்டியில மேலருந்து எடுத்து ஓட்னேன் பாப்பா, அனுப்புனவன் ஓட்டி முடிச்ச கையோட அப்பிடியே அடுக்கிட்டிருக்கான், கடேசி சுருளு மேல வந்து குந்திக்கினு இருக்குது, ஒருத்தன்கூட கத்தல, இங்கிலீசு படம் இப்பிடித்தான் போலன்னு நானும் உட்டுட்டேன், இன்னைக்கு ஒயுங்கா ஓட்றேன் பாரு என்றார். ஒழுங்காக ஓட்டினார், நானும் பார்த்தேன். அந்த வயலும் மழையும் படத்தின் ஆரம்பம். கூப்பிட்டதும் ஓடி வந்தவள் அதற்குப் பிறகுதான் மதிலுக்குள் போகிறாள். தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். கடைசியில் ஒரு ஜன்னல் முன் நிற்கிறாள், உள்ளேயிருந்து யார் என்று கேட்கிறார்கள், கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு நம்பரைச் சொல்கிறாள். அதோடு படம் முடிகிறது. மழை திரும்பி வரவே இல்லை அண்ணா. அம்மா ரேகை வைத்தது நான் சொன்ன கதையைக் கேட்டு. அது படத்தின் கதை இல்லை, சுருள் மாறியதால் நான் கட்டிய கதை. நேற்றே சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்தபோது அம்மா உனக்குக் கட்டில் எந்தப் பக்கம் போடலாம் என்று கூடத்தை அளந்துகொண்டிருந்தாள்.

படித்துக் காட்டிவிட்டேன். அம்மா கடைசிவரை கேட்டாள். முடித்த பிறகு, அந்த ஜன்னலாண்ட நிக்கறாளே, அவ கூட யாரும் வர்லியா என்று கேட்டாள். இல்லை, தனியாகத்தான் நிற்கிறாள் என்றேன். பேர் சொல்லிக் கூப்பிட்டாங்களே வரப்புல, அவங்க இன்னா ஆனாங்க என்றாள். அவர்கள் அதற்குப் பிறகு படத்தில் வரவே இல்லை என்றேன். அம்மா வெளியே போய்க் கன்றை அவிழ்த்து விட்டுவிட்டு வந்தாள். நான் அழுதுகொண்டிருந்ததைப் பார்த்து, உன் கதையை நம்பிக்கினு யாரும் ரேகை வைக்கலடி, அவன் வருவான்னு வச்சேன், உன் கதை ஒரு சாக்கு, மூக்கைச் சிந்திப் போட்டுட்டு எழுது என்றாள். முன்னால் எழுதியதை அடித்துவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், நான் இன்னா நெனச்சேன்னு அவனுக்கும் தெரியட்டும் என்றாள். இனி எழுதுவது அம்மா சொன்னது.

ராஜவேலு, காகிதத்தை உறையிலிருந்து எடுத்துவிட்டேன், உள்ளே தேடாதே. அது மறுபடியும் அரிசிப் பானைக்குள் இருக்கிறது. நாலு நாள் லீவு கேள், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்ல வேண்டாம், அம்மா கூப்பிடுகிறாள் என்று உண்மையையே சொல். பங்குனி பிறப்பதற்குள் வந்துவிடு. வந்து ஏரிக்கரையில் இறங்கி நம் வரப்பில் ஒரு தரம் நடந்து பார். அதற்குப் பிறகும் இங்கே வேலைதான் நல்லது என்று உனக்குப் பட்டால் நீயே கையெழுத்துப் போடு, நான் தடுக்க மாட்டேன். வேண்டாம் என்று பட்டால் அடுப்பில் போடுகிறேன், கர்ணத்துக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். அப்புறம் நீ அங்கேயே இருக்க வேண்டி வந்தால் இருந்துகொள், அதையும் பொறுத்துக்கொள்வேன். ஆனால் உன் நைனா உழுத மண்ணைத் தபாலில் கொடுக்காதே. நான் சொன்னேன் என்பதற்காகவும் கொடுக்காதே.

கனகாவைக் கோபித்துக்கொள்ளாதே. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்னாள், தெரிந்ததும் மறைக்காமல் சொன்னாள். வரும்போது அவளுக்கு ஒரு நல்ல இங்கிலீஷ் அகராதி வாங்கி வா, பள்ளிக்கூடத்து அகராதியில் பாதி ஏடு இல்லையாம். இராத்திரி ஷிஃப்டு முடிந்து வரும்போது ஒண்டியாக வராதே, இரண்டு பேராக வா. மாரியம்மன் துணையிருப்பாள், கொடி மாதிரி தழைத்து நீ நன்றாக இருக்க வேண்டும். உறையின் மேல் விலாசம் எழுதும்போது கனகா வழக்கம்போல் டோக்கன் நம்பரை முதலில் போடப் போனாள், நான் நிறுத்திவிட்டேன். உன் பெயரைப் பெரிய எழுத்தில் மேலே எழுதச் சொன்னேன், எது உன் பெயர் என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். தபால்காரருக்கு நம்பர் வேண்டும் என்கிறாள், அது கீழே ஒரு மூலையில் சின்னதாக இருக்கிறது. உன்னோடு அறையில் இருக்கும் பிள்ளைகளிடம் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்படி அம்மா கேட்டுக்கொண்டாள் என்று சொல்.

இப்படிக்கு,
உன் வருகையைப் பார்த்திருக்கும்
அம்மா செல்லியம்மாள்

(கையெழுத்து இடத்தில் அம்மா வைத்த ரேகை. மை தடவவில்லை அண்ணா, கர்ணம் வீட்டு மையே கட்டை விரலில் இன்னும் போகாமல் இருந்தது, ஈரம் பண்ணி அழுத்தினாள். அதனால்தான் மங்கலாக விழுந்திருக்கிறது. — கனகா)