மோட்டார் சுவிட்சின் மேல் ஒட்டியது

என்னங்க,

வீட்டுக்கு வந்ததும் உங்கள் கை தானாக இந்த சுவிட்சுக்குத்தான் போகும். அதனால்தான் இதன் மேலேயே ஒட்டிவிட்டு வேலைக்குப் போகிறேன். மோட்டார் போடாதீர்கள்.

மாமா அறைக் கூரையில் நீங்களே மாட்டிய பிளாஸ்டிக் பைப்பில், அது வளையும் இடத்தில் சொருகிய எல்போவின் வாய் ஓரமாகத் திங்கட்கிழமை பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தேன். "ஒனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்தான்" என்று கத்தினீர்களே, அன்றைக்குத்தான். இன்று பார்த்தால் கோட்டுக்கும் எல்போவுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. மோட்டார் ஓடும்போதெல்லாம் பைப் கழன்று வந்துகொண்டிருக்கிறது. ஃபேன் ஒயரும் அதை ஒட்டித்தான் போகிறது.

கட்டிலை நகர்த்த மாமா விடவில்லை. "எம்மவன் மாட்டுன பைப்பு, அசையாது போம்மா" என்று நேர் கீழேயே படுத்திருக்கிறார். நீங்கள் சொன்னால்தான் கேட்பார். முதலில் அவரை முன்னறைக்குக் கூட்டி வாருங்கள்.

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. வாளியில் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறேன்.

மறந்துவிட்டேன்: மேல்வீட்டு சுவிட்சிலும் இதே மோட்டார்தான் ஓடும். வீடு பூட்டியிருக்கிறது, நாலு மணிக்கு வந்துவிடுவார்கள். கதவிடுக்கில் ஒரு சீட்டு சொருகியிருக்கிறேன். பார்ப்பார்களோ என்னவோ.

இன்னொன்று. சாவி தேடும்போது உங்கள் பையில் பைப் ஒட்டுகிற பசை டப்பா கிடைத்தது. வாங்கியது அந்த ஒன்றுதானே? அதன் சீல்கூடப் பிரிக்கவில்லை. வீட்டில் நீங்கள் மாட்டியது மொத்தம் பதினேழு ஜாயின்ட். மாமாவிடம் நான் சொல்லவில்லை. அவர் அந்தப் பைப்பையே பெருமையாகப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார்.