கோட்டுப் பைக்குள் போன கார் சாவி

கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன், அன்புள்ள மாமா,

கார் சாவி உங்களிடம்தான் இருக்கிறது. அடக்கத்தன்று உங்கள் மகன் உங்களுக்குக் கிறிஸ்துமஸ் கோட்டை மாட்டிவிட்டபோது உள்பையில் ஏதோ கனமாகத் தட்டுப்பட்டதாம். ஜெபமாலை என்று நினைத்து, அப்பாவோடு இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். நான்கு நாள் கழித்து ஜெபமாலை உங்கள் தலையணைக்கு அடியில் கிடைத்தது. அதன் பிறகுதான் சாவி மாட்டும் ஆணியை எல்லோரும் பார்த்தோம்.

மற்ற வீடுகளில் மாற்றுச் சாவி என்று ஒன்று இருக்கும். நீங்கள் இரண்டையும் ஒரே வளையத்தில் கோத்து வைத்திருந்தீர்கள். "தனியா வச்சா எங்க வச்சோம்னு தேடணும்மா" என்பது உங்கள் வாதம். அது தவறு என்று நான் சொன்னபோது, "புள்ளியியல் டீச்சர் தீர்ப்பு சொல்லிட்டாங்க" என்று அத்தையைப் பார்த்துச் சிரித்தீர்கள். அந்த விவாதத்தில் நான் ஜெயித்துவிட்டேன் மாமா. ஜெயித்ததில் ஒரு சந்தோஷமும் இல்லை.

உங்கள் தம்பி மெல்ல ஆரம்பித்தார். "கல்லறை இன்னும் கட்டல இல்ல அண்ணி? ஃபாதர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாத்தா..."

"போய்க் கேளுப்பா. அப்படியே நீ உள்ள படுத்துக்கிட்டு, சாவிய மட்டும் மேல அனுப்பு" என்றார் அத்தை.

நீங்கள் போன பிறகு இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. ஆனால் அத்தைக்குச் சிரிப்பு அன்றோடு தீர்ந்துபோனது. பக்கவாதம் வந்த பிறகு வாரம் மூன்று நாள் அவரைக் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு நீங்கள்தானே பிசியோதெரபிக்கு அழைத்துப் போனீர்கள்? முதல் ஆறு மாதத்தில் எவ்வளவு வேலை வாங்குகிறோமோ அவ்வளவுதான் அந்த இடது கை திரும்ப வரும் என்று டாக்டர் சொன்னது உங்களுக்கும் தெரியும். அதில் பத்து வாரம் வீணாகப் போயிற்று.

வாடகைக் கார் வரவழைத்தேன். வாசல்வரை வந்த அத்தை திரும்பிவிட்டார். "யாரோ ஒரு ஆம்பள என் காலத் தூக்கி உள்ள வைக்கறதா? என்னால முடியாது." அவருக்காகப் பலகை வைத்து உயர்த்தி, மெத்தை தைத்து நீங்கள் அமைத்த இருக்கை நம் காருக்குள் பூட்டிக் கிடந்தது. ஜன்னல் கண்ணாடி வழியாக அதைப் பார்க்க மட்டும் முடிந்தது.

சர்வீஸ் சென்டரில் ஓனர் நேரில் வர வேண்டும் என்றார்கள். வர முடியாது என்பதை விளக்கினேன். அப்படியானால் வாரிசுச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். அதற்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும்போது, கல்லூரியில் என்னோடு வேலை பார்ப்பவர் சிதம்பரம் பேருந்து நிலையம் பக்கத்தில் சாவிக்கடை வைத்திருக்கும் ஒரு பாயைப் பற்றிச் சொன்னார். சாவியே இல்லாமல் காருக்குச் சாவி செய்வாராம். அப்படிச் செய்ய முடியும் என்றால் பூட்டு எதற்கு என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"நீங்க என்னை நம்பலன்னா பரவால்ல மேடம். நான் உங்கள நம்பணும். ஆர்சி புக், ஓனர் இறப்புச் சான்றிதழ், உங்க ஆதார் எல்லாம் எடுத்து வைங்க. பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தர் சாட்சிக்கு வரணும்" என்றார்.

என்னைவிடச் சந்தேகப் பிராணி ஒருவரைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

சனிக்கிழமை காலை பைக்கில் மெஷினோடு வந்தார். கீறல் விழாமல் கதவைத் திறந்தார். பூட்டின் அளவைப் பார்த்துச் சாவியை வெட்டினார். அது கச்சிதமாகத் திரும்பியது, ஆனால் வண்டி கிளம்பவில்லை. சாவித் தலைக்குள் ஒரு சில்லு உண்டாம். அதைக் கார் அடையாளம் கண்டுகொள்ள வேண்டுமாம். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒயரைச் செருகி லேப்டாப்பைத் தட்டினார். பாதியில் நின்றுவிட்டது. "பேட்டரி வீக்கா இருக்கு. ரெண்டு மாசமா நிக்குதுல்ல, அதுவும் பாவம்." பக்கத்து வீட்டு வண்டியின் பேட்டரியிலிருந்து கேபிள் இழுத்து மறுபடி தொடங்கினார்.

நடுவில் என்னைப் பார்த்துக் கேட்டார். "பழைய சாவி ரெண்டும் வண்டி மெமரில இருக்கு. அழிச்சிடட்டுமா? யார் கையிலயாவது கெடச்சா வம்பு."

"யார் கையிலும் கிடைக்காது."

"எல்லாரும் அப்படித்தான் மேடம் சொல்றாங்க."

எங்கே இருக்கிறது என்று சொன்னேன். அவர் லேப்டாப்பிலிருந்து கையை எடுத்துவிட்டார். "அப்ப... இருக்கட்டுமா?"

எளிய கேள்வி. இறந்தவருக்குக் கார் எதற்கு? இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை நான். ஆனாலும் அழித்துவிடுங்கள் என்று எனக்குச் சொல்ல வரவில்லை. நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

பின்னால் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. ஏழு வாரத்தில் முதல் முறையாக அத்தை தானாகவே வாசல் தாண்டி வந்து நின்றார்.

"அழிச்சிடுங்க பாய். நாப்பத்தஞ்சு வருஷம் ஓட்டியாச்சு அவரு. இனிமே இவ ஓட்டட்டும்."

"நானா?" என்றேன்.

"லைசென்ச கைப்பையில வச்சு என்ன, காத்தாடவா வாங்குன?"

அவர் சொன்னது சரி. இருபது வருடமாக அது எனக்கு வெறும் அடையாள அட்டைதான். பாய் விரலால் ஒரு தட்டு தட்டினார். புதுச் சாவியைத் திருப்பியதும் வண்டி இருமிக்கொண்டே உயிர் பெற்றது. அத்தை அழவில்லை. "சத்தம் மாறவே இல்ல" என்று மட்டும் சொன்னார்.

உங்கள் மகனுக்கு ஞாயிறு மட்டும்தானே விடுமுறை, அன்றைக்கெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கினார். மூன்றாவது வாரம் கேட்டின் ஓரத்தில் உரசிக் காரின் இடது பக்கம் ஒரு கோடு விழுந்தது, மறைக்கவில்லை, சொல்லிவிட்டேன். பிறகு அத்தையும் நானும் மட்டும் கிளம்பினோம். ஆலப்பாக்கம் தாண்டும்போது அவர் சொன்னார்: "பின்னால டவுன் பஸ்காரன் ஹாரன் அடிச்சே சாகப் போறான். கொஞ்சம் மிதி. நான் செவ்வாக்கிழமைக்குப் போவணும், நீ புதன்கிழமைக்குக் கொண்டுபோய்ச் சேக்கற."

விட்டுப்போன பத்து வாரத்துக்கும் தெரபிஸ்ட் திட்டினார், என்னைத்தான். கை முழுதாக வருமா என்று கேட்டேன். தெரியாது என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

நேற்று நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். திரும்பி வரும்போது வெள்ளாற்றுப் பாலத்தில் காருக்குள் திடீரென்று காற்று அடித்தது. அத்தை பக்கத்துக் கண்ணாடி இறங்கிக்கொண்டிருந்தது. தவறுதலாக நான்தான் எதையோ அழுத்திவிட்டேன் என்று பதறினேன். திரும்பிப் பார்த்தால், கதவிலிருந்த பொத்தானின் மேல் அவருடைய இடது கட்டைவிரல். அழுத்தும்போது அது நடுங்கியது. கண்ணாடி பாதியில் நின்றது. மறுபடி அழுத்தினார்.

"ரோட்டப் பாத்து ஓட்டு" என்றார்.

செவ்வாய், வியாழன், சனி. மழை பெய்தாலும், எனக்குத் தேர்வுப் பணி இருந்தாலும், ஒரு நாளும் விடமாட்டேன் மாமா. கையின் மீதிப் பாதியையும் கேட்டு வாங்கித்தான் தீர்வோம்.

அத்தையின் டிரைவராகிவிட்ட,
உங்கள் மருமகள்
ஸ்டெல்லா