ஹைக்கலைப் பற்றி என்ன எழுதுவது

மார்ச் 3
மழை விட்டும் ஹாக்கி டர்ஃப் மைதானம் முழுக்கத் தண்ணீர். பயிற்சி பாதியில் நின்றது. கிளப் மேனேஜர் சந்திரசேகரன் மறுபடி நினைவூட்டினார். மாத முடிவுக்குள் இளம் ஆட்டக்காரர்களில் ஒருவன் பெயரைப் பயிற்சியாளர் என்ற முறையில் நான் தர வேண்டும், அவனுக்கு அடுத்த சீசனில் சீனியர் ஒப்பந்தம். யோசிக்க என்ன இருக்கிறது? ஹைக்கல்தான். பத்தொன்பது வயது. பெனால்டி கார்னரில் பந்தை மட்டையோடு இழுத்து அவன் வீசினால், இத்தனை வருடம் தடுப்பாட்டம் ஆடிய நானே ஒதுங்கி நிற்பேன். குறை: பந்தை இழந்தால் திரும்பி ஓடிவரச் சோம்பல். அதையும் மதிப்பீட்டு அறிக்கையில் எழுதத்தான் வேண்டும்.

மார்ச் 9
இன்று மேட்ச்.
இரண்டாம் பாதியில் எங்களுக்குப் பெனால்டி கார்னர். ஹைக்கல் வீசினான். கோலுக்குள்ளிருந்து முதல் ஆளாகப் பாய்ந்து வந்து பந்தை மறிக்க வேண்டியவன் எதிரணியின் தேவகுமார், அக்கரையில் பாகான் டாலாம் ஊர்ப் பையன். முகமூடி போட்டிருந்தான். பந்து அதற்கு மேலே, நெற்றிப்பொட்டில் பட்டது. அந்தச் சத்தம்! மட்டையில் பட்டதாகத்தான் நினைத்தேன். விழும்போது அவன் கையைக்கூட ஊன்றவில்லை. அப்படியே—
யார் தப்பு? யார் தப்பும் இல்லை.
ஹைக்கல் நின்ற இடத்திலேயே நின்றான். போய்த் தோளைத் தொட்டேன்.
“கோல் ஆச்சா அக்கா?” என்று கேட்டான்.
ஐயோ, என்னடா கேக்குற நீ.

மார்ச் 10
மண்டையோட்டில் விரிசல். ஆபரேஷன் முடிந்தது. தேவகுமார் கண் விழிக்கவில்லை.

மார்ச் 16
இன்றைய ஆட்டத்தில் ஹைக்கலை வெளியே உட்கார வைக்கலாம் என்றேன். “நான் ஆடுறேன்,” என்றான். வீசினான். இரண்டு கோல். அதே உயரம், அதே வேகம். எதிரில் ஆள் பாய்ந்து வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவன் மூடவில்லை.
சந்திரசேகரன் ஓடிவந்தார். “பார்த்தீங்களா தாட்சாயினி? இரும்பு மனசு லா இவனுக்கு. மன உறுதிக்குப் பத்துக்குப் பத்து போடுங்க.”
போட முடியவில்லை. அங்கே ஒருவன் மூச்சுக்குழாயோடு கிடக்கிறான். இப்படியும் ஒரு பிள்ளையால் முடியுமா? நான் யாரைத்தான் இத்தனை மாதமாக மதிப்பிட்டுக்கொண்டிருந்தேன்?

மார்ச் 18
தேவகுமார் கண் விழித்துவிட்டான். அம்மாவை அடையாளம் தெரிகிறதாம். தண்ணீர்மலை முருகா.

மார்ச் 22
பயிற்சியில் ஹைக்கல் வந்து, இனிமேல் பெனால்டி கார்னரைத் தடுக்கும்போது முதல் ஆளாகத் தானே ஓடுவதாகச் சொன்னான். தடுப்பதென்றாலே சோம்பல்படுகிறவன்! சந்தோஷப்பட்டேன், முட்டாள் மாதிரி. விசில் ஊதினேன். அணியின் இன்னோர் இளைஞன் மோகனராஜ் பந்தை இழுத்தான். ஹைக்கல் பாதி தூரம் பாய்ந்த பிறகுதான் பார்த்தேன் — அவன் முகத்தில் முகமூடி இல்லை. கழற்றி எறிந்திருக்கிறான். தலையைக் குனியவும் இல்லை. நேராகப் பந்தைப் பார்த்து ஓடுகிறான். நான் கத்திய கத்தலில் மோகனராஜ் மட்டையைக் கீழே போட்டுவிட்டான்.
சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப்போனேன். “பைத்தியமாடா உனக்கு? செத்துப்போயிருப்ப!”
“அந்த அண்ணே அடிபடறதுக்கு முன்னாடி கடைசியா என்ன பார்த்தாரோ, அத நானும் ஒரு தடவை பார்க்கணும் அக்கா.”
அழவில்லை. சாதாரணமாகச் சொன்னான். இரும்பாம்! பத்துக்குப் பத்தாம்!

மார்ச் 24
அறிக்கை கொடுத்தேன். ஹைக்கல் இந்த சீசன் முழுக்க ஆடக் கூடாது, ஒப்பந்தத்துக்கு மோகனராஜ். சந்திரசேகரன் கத்தினார். “எவ்வளவு பெரிய ஆட்டக்காரன், அவன் வாழ்க்கையில மண்ணைப் போடுறீங்களே!” ஹைக்கல் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு போனான்.

மார்ச் 27
அவன் அம்மா ஷரீஃபா போன் செய்தார். “எம்புள்ள ரூமைவிட்டு வெளிய வரமாட்டேங்கிறான். சோறு வேணாங்கிறான். நீங்க பேரை வெட்டினதாலதானே?” நடந்ததைச் சொன்னேன். முகமூடியைப் பற்றியும். அந்த அம்மாவுக்கு எதுவுமே தெரியாது.

ஏப்ரல் 5
ஹைக்கலை வற்புறுத்தி ஃபெரியில் ஏற்றி, தேவகுமார் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். வழி முழுக்கக் கடலையே பார்த்துக்கொண்டு வந்தான்.
தேவகுமாருக்கு மொட்டைத் தலை, காதுக்கு மேலே நீளத் தையல். எழுந்து நிற்க இன்னும் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இனி ஆட முடியாது. ஹைக்கல் வாசற்படியிலேயே நின்றான்.
“அண்ணே... பந்து வந்தப்போ... உங்களுக்கு என்ன தெரிஞ்சிச்சு?”
தேவகுமார் யோசித்தான். “எந்தப் பந்து? அந்த மேட்சே ஞாபகம் இல்லடா. பஸ்ல நாசி லெமாக் சோத்துப் பொட்டலம் பிரிச்சு சாப்பிட்டேன். அப்புறம் பார்த்தா ஆஸ்பத்திரி. நடுவுல ஒண்ணுமே இல்ல.”
“ஒண்ணுமேவா?”
“ஒண்ணுமே. வலிகூட இல்ல. உள்ள வா லா, எதுக்கு அங்கேயே நிக்கிற?”
ஹைக்கல் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். பிறகு வந்தது அழுகை. தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கும் அளவுக்கு அழுதான். ஒரு பிள்ளைக்குள் இவ்வளவா? தேவகுமார் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

ஏப்ரல் 19
ஹைக்கல் பயிற்சிக்கு வந்தான். எல்லோரும் போகும்வரை மைதானக் கோட்டுக்கு வெளியே நின்றான். பிறகு, “ஒரு பந்து போடுங்க அக்கா,” என்றான். கோலில் யாரும் இல்லை. வீசினான். இந்தத் தடவை அவன் கண்ணை மூடிக்கொண்டான். பந்து கோல்கம்பத்தைவிட்டு வெகுதூரம் விலகி, வேலியில் போய் முட்டியது.
இன்றைய குறிப்பில் எழுதியிருக்கிறேன்: தவறவிட்டான். இன்னொரு பந்து கேட்டான்.